மூடுபனிக்கும் வெயிலுக்கும் ஓர் உடுப்பு

சந்திரிகா கேட்டது பெரிய விஷயமில்லை. காலை ஏழரைக்குள் கண்டியில் கையெழுத்துப் போட வேண்டும். இரவில் ஹுன்னஸ்கிரியவில் தன் வீட்டில், தன் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். உலகத்தில் பாதிப்பேர் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். அவளுக்கு மட்டும் இடையில் முப்பத்தைந்து கிலோமீற்றர் ரோடு கிடந்தது. அந்த ரோட்டுக்கு மேலே இருந்ததும் ஒரு வானம் இல்லை, மூன்று வானம்.

வீட்டு வாசலில் மூடுபனி. ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுத் தகரம்கூடத் தெரியாது. பனியா தூறலா என்று பிரிக்க முடியாத ஓர் ஈரம் கண்ணிமையில் வந்து உட்காரும். மெதமஹநுவர வளைவுகளில் இறங்க இறங்க அது நிஜ மழையாகும். தெல்தெனியவில் நீர்த்தேக்கத்துக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். திகன வந்தால், மழை என்று ஒன்று இருப்பதே அந்த ஊருக்குத் தெரியாத மாதிரி முதுகில் வெயில் காயும். குண்டசாலை கடந்து தென்னக்கும்புரப் பாலத்தில் ஏறினால், கண்டி தன் பங்குக்கு இன்னொரு தூறலை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அவள் கணித ஆசிரியை. முதல் நியமனம் பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் மூன்று மைல் ஏற வேண்டிய ஒரு தோட்டப் பாடசாலை. மூன்று வருடம் அங்கே ஓர் அறையில் கிடந்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அப்படி வந்தபோது மகள் கிஷானி கதவருகில் நின்று அவளைப் பார்த்து, "மிஸ் வந்துட்டாங்க" என்றாள். நேர்சரியில் படிப்பிக்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவாள். யாரும் சிரிக்கவில்லை. சந்திரிகா அன்றே இடமாற்றத்துக்கு எழுதினாள். எழுதி எழுதிப் பதினொரு மாதம் போய், செப்டெம்பரில் கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் தற்காலிக இணைப்புக் கிடைத்தது. டிசம்பருக்கு முன் அதிபர் சிபாரிசு எழுத வேண்டும். எழுதினால் கண்டி நிரந்தரம். எழுதாவிட்டால் மறுபடியும் பொகவந்தலாவை.

அதிபர் சண்முகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் வரவுப் புத்தகத்தில் அவர் ஏழரைக்கு அடிமட்டத்தை வைத்து இழுக்கிற சிவப்புக் கோட்டை நாட்டின் எல்லையைப் போலக் காத்தார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்களைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்.

"சந்திரிகா டீச்சர், இந்த மாசம் ஏழாவது தரம். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்?"

"மழை சார். மேல மழை."

"மழை எல்லாருக்கும்தானே பெய்யுது. கண்டியில ஒரு ரூமைப் பாத்துக்கொண்டு இருங்கோவன். நான் பன்ரண்டு வருசமா அப்பிடித்தானே கிடக்கிறன்? என்ர பிள்ளையள் வளரேல்லையோ?"

வளர்ந்திருப்பார்கள். அதை அவர் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். அவள் இதைச் சொல்லவில்லை.

முதல் பஸ் மஹியங்கனைப் பக்கமிருந்து நிறைந்து வரும். கண்டியில் இறங்க ஏழே முக்கால் தாண்டிவிடும். அதனால்தான் ஒரு பழைய ஸ்கூட்டி. ஸ்கூட்டி குறை வைக்கவில்லை. அவளைப் பிந்த வைத்தது ரெயின்கோட். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. உள்ளே சேலை. மழை தொடங்கினால் ஓரம் கட்டிப் போட வேண்டும், திகனவில் வெந்துபோகும், மறுபடி ஓரம் கட்டிக் கழற்ற வேண்டும், பாலத்தில் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து நிமிடம். அத்தனையும் செய்து முடித்தாலும் இடுப்பில் இரண்டு துண்டும் சந்திக்கிற இடத்தால் தண்ணீர் இறங்கி, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்னால் பிள்ளைகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்கும்.

"மேலேயும் கீழேயும் ஒரே உடுப்பா இருந்தா தண்ணி எப்பிடி போகும்?" என்றான் அவள் புருஷன் பழனியாண்டி.

பழனியாண்டி ஹுன்னஸ்கிரிய சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. ஒன்று மனதில் பட்டுவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டான், செய்துவிட்டு வந்து நிற்பான். அவனுக்கு மழையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஆட்டோவிலிருந்து கற்றது. ஆட்டோவுக்குள் மழை வராமல் தடுப்பது எது? ஹூட். ஹூட் எதால் ஆனது? ரெக்ஸின். அவ்வளவுதான் அவன் யோசித்தது. அவளுடைய சுடிதார் ஒன்றை அளவுக்கு எடுத்துக்கொண்டு தெல்தெனியவில் ஆட்டோ ஹூட் தைக்கிறவனிடம் போனான்.

நாலாம் நாள் மாலை அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கறுப்பு ரெக்ஸின். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு. தையலெல்லாம் இரட்டை, தையலுக்கு மேலே கம் பூசி ஒட்டியது. முன்னால் லொறித் தார்ப்பாய்க்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய ஸிப். வீட்டு நடுவில் நிறுத்திவைத்துக் கையை எடுத்தான். அது விழாமல் நின்றது.

"இது என்னாங்க?"

"ஓவரோல்."

"யாருக்கு?"

"எனக்கா? ஒனக்குத்தான். போட்டுப் பாரு. ஒரு சொட்டு உள்ள வராது. ஹூட் மாஸ்டர் அஞ்சு வருசத்துக்கு உத்தரவாதம் தந்திருக்கான்."

"நான் என்ன, பின் சீட்டா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் அதைப் போட்டாள். கிஷானி பயந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

மறுநாள் காலை சேலையைத் தொடைவரைக்கும் சுருட்டி அதற்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். மழை வராதது உண்மை. ஆனால் முழங்கால் மடியவில்லை. வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்ற வேண்டிய இடங்களில் கால் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தெல்தெனியவுக்கு மேலே ஒருமுறை வண்டியோடு சாய்ந்து, மண் மேட்டில் முட்டுக்கொடுத்து நின்றாள். திகனவில் வெயில் ஏறியதும் ரெக்ஸின் சூடாகி உள்ளே இட்டலிச் சட்டி போலானது. ஆனாலும் ஏழு இருபத்திரண்டுக்குப் பாடசாலைக் கேட்டுக்குள் வந்துவிட்டாள். எட்டு நிமிடம் மிச்சம். அவளுக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம்.

பிறகு கழற்றப் பார்த்தாள்.

ஸிப் இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. விஞ்ஞானம் படிப்பிக்கிற இராஜேஸ்வரி டீச்சர் ஓடிவந்து சைக்கிள் ஷெட் தூணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள். வேர்வையில் ரெக்ஸின் தோலோடு ஒட்டியிருந்தது. கால் வந்தபோது கொசுவமும் சேர்ந்து வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டுபேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"யாருடீ இத தச்சது? ஒன்னய கொல்லப் பாத்திருக்கான்!" என்றாள் இராஜேஸ்வரி.

"இல்ல டீச்சர்" என்றாள் சந்திரிகா. "நனையக்கூடாதுனு பாத்திருக்காரு."

கையெழுத்துப் போட்டபோது மணி ஏழு நாற்பத்தொன்று. சண்முகநாதன் தலையை நிமிர்த்தி அவளுடைய கசங்கிய சேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் புத்தகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கு வீட்டில் பழனியாண்டி கேட்டான். "எப்பிடி?"

"நனையல."

"பாத்தியா."

அவள் பொய் சொல்லவில்லை. அதற்குமேல் உண்மையையும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாளும் அதைப் போட்டுக்கொண்டு போனாள். ஐந்து நாளில் மூன்று நாள் கோட்டுக்குக் கீழே. சனிக்கிழமை, "கண்டியில ஒரு கடையில இந்த மாதிரி ஒரே துண்டு உடுப்பு விக்கிறாங்களாம், சும்மா பாத்துட்டு வரலாம்" என்றாள். அவன் வெகுநேரம் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், "நம்மளதையும் எடுத்துக்க. எது நல்லதுனு அவங்களே சொல்லட்டும்" என்றான்.

ஹாஷிமின் கடை கட்டுகஸ்தோட்டை ரோட்டில், ஹெல்மட் தொங்குகிற கடைகளின் வரிசையில் கடைசி. ஹாஷிம் குண்டான, வேகமாகப் பேசுகிற மனிதன். கல்லாவில் அவன் மனைவி அனீஸா. சந்திரிகா எங்கிருந்து எங்கே போகிறாள் என்று கேட்டுவிட்டு ஹாஷிம் தலையைச் சொறிந்தான்.

"ஹுன்னஸ்கிரியா? அங்க ஈந்தா? ஒவ்வொரு நாளும்? டீச்சர், ஒங்களுக்கு ஒரு உடுப்பு காணாது, வீட்டுல சோறாக்க ஒரு சமையக்காரனும் வேணும்."

"ஹாஷிம் நானா, பகிடி வேணாம். மேல குளுரு, நடுவுல மழை, கீழ வெயிலு. மூணுக்கும் ஒண்ணு வேணும். அது இருக்கா இல்லையா?"

"ஈக்கி. ஆனா மழைக்கி மட்டும் பாத்து எடுத்தீங்க, திகனயில வெந்துருவீங்க. வெயிலுக்கு பாத்து எடுத்தா மேல வெறச்சி சாவீங்க." அவன் மூன்று ஓவரோல்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

முதலாவது புதியது, நீலம், இந்தியாவிலிருந்து வந்தது, பிளாஸ்டிக் பூசிய மெல்லிய துணி. இரண்டாவது சாம்பல் நிறம், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, சினிமாக்காரன் போடுகிற மாதிரி வடிவானது. மூன்றாவது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான். கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள். கொலரின் உள்ளே யாரோ ஒரு ஜப்பான்காரன் தன் பெயரை மையால் எழுதியிருந்தான்.

"சாம்பல் நல்லாருக்கு" என்றாள் சந்திரிகா.

"நல்லாத்தான் ஈக்கி. எல்லாரும் அதத்தான் எடுக்கிற. எல்லாரும் அதத்தான் திருப்பி கொண்டாற." ஹாஷிம் கடைக்கு முன்னால் நடைபாதையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்த தன் பைக்கைக் காட்டினான். "வந்து ஏறுங்க. அனீஸா, ஜக்க கொண்டாங்க."

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். ஓவரோல் வாங்க வருகிற எவரும் அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார வேண்டும். மடியில் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். ஒருமுறை இருபதுபேர் ஒரே மழைக்காலத்தில் உடுப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கத்திய பிறகு ஹாஷிம் கண்டுபிடித்த வழி.

"மழை நேரா உள்ளுக்கு வாறல்ல டீச்சர். மடியில கொளம் மாதிரி நிக்கும். அங்க ஈந்து மெதுவா தையல தேடும், ஸிப்பு முடியிற எடத்த தேடும். ஒங்கட ஓவரோல் நல்லதா கெட்டதான்னு மடியில தெரிஞ்சிரும்."

பெண்கள் வந்தால் தண்ணீர் ஊற்றுவதும் பிறகு உள்ளே கையை விட்டு ஈரம் பார்ப்பதும் அனீஸாவின் வேலை. ஹாஷிம் அந்த நேரம் கடைக்குள் திரும்பி நின்றுகொள்வான்.

முதலில் நீலம். மூன்றாவது நிமிடம் சந்திரிகா நெளிந்தாள். அனீஸா கையை விட்டுப் பார்த்து, "தண்ணி உள்ளுக்கு போய்ட்டு" என்றாள். அடுத்தது சாம்பல். தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் வெளித்துணி அவ்வளவையும் குடித்துவிட்டது. இறங்கியபோது ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி கனத்தது. "காய மூணு நாள் எடுக்கும்" என்றான் ஹாஷிம் உள்ளிருந்து. "ஒங்கட ஊர்ல ஒரு மாசம்."

நடைபாதையில் ஆட்கள் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு ஆள், "குளிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டான். சந்திரிகா பார்த்த பார்வையில் நகர்ந்துவிட்டான்.

"இதுக்கும் ஊத்துங்க" என்றான் பழனியாண்டி. அவன் ஆட்டோவிலிருந்து ரெக்ஸின் ஓவரோலை எடுத்துவந்திருந்தான்.

ஹாஷிம் வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். "யா அல்லாஹ். இது யார்ட வேல?"

"தெல்தெனியவுல தச்சது."

"தையல் என்னா தையல்! இத போட்டுட்டு மஹாவலியில நீந்தலாம்."

பழனியாண்டிக்கு முகம் மலர்ந்தது. சந்திரிகா அதைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை ஹாஷிமின் மனைவி மடித்துவிட, பைக்கில் உட்கார்ந்தாள். நடுப்பகல் வெயில். அனீஸா ஒன்றுக்கு இரண்டாக ஜக் ஊற்றினாள். ஐந்து நிமிடம். தண்ணீர் மடியில் அப்படியே நின்றது, ஒரு துளி குறையவில்லை. ஒரு காகம் வந்து குடிக்கலாம் என்று நினைத்திருக்கும். பழனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். ஜெயித்தவன் நிற்கிற மாதிரி.

அனீஸா ஸிப்பைக் கொஞ்சம் இறக்கிக் கையை உள்ளே விட்டாள். எடுத்தபோது முழங்கைவரை நனைந்திருந்தது.

"தண்ணி போயிட்டா?" பழனியாண்டி திடுக்கிட்டான்.

"தண்ணி போகல்ல." அனீஸா கையை அபாயாவில் துடைத்தாள். "இது அவங்கட வேர்வ."

சந்திரிகாவின் முகம் சிவந்து, நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வேர்வை வடிந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கித் துடைக்க ரெக்ஸின் விடவில்லை. பழனியாண்டி அவளைப் பார்த்தான். ஆறு நாள் அவள் எப்படிப் போய் வந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தது முகத்தில் தெரிந்தது. போய்க் குனிந்து அந்த ஸிப்பை இழுத்தான். அது சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான்.

"இத ஏன் நீ சொல்லல?"

"நீங்க அந்த மொகத்தோட கேட்டா யாரு சொல்லுவா?"

"எந்த மொகம்?"

"இப்ப வச்சிருக்கிற மொகம்."

அனீஸா சிரித்துவிட்டாள். பிறகு அவனும் வாயைக் கோணிக்கொண்டு ஏதோ ஒன்று செய்தான், அதைச் சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் செம்மஞ்சள். அதன் இரண்டு ஸிப்புகள் கழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் கணுக்கால்வரை ஓடின. மடி நடுவில் தையலே இல்லை. கக்கத்தில் காற்றுக்குத் திறக்கிற வாய் இரண்டு இருந்தது. உள்ளே குளிருக்கு ஒரு படலம், பொத்தானைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஒரு ஈரமும் இல்லை. உதறியதும் தண்ணீர் ஓடிப்போனது. உடம்புக்கும் கிட்டத்தட்டச் சரி. அந்த ஜப்பான்காரன் குள்ளன்.

"எல்லாம் சரி" என்றாள் சந்திரிகா. "கலரு? இதோட நான் ஸ்கூல் கேட்டுக்குள்ள போனா புள்ளைங்க என்னா சொல்லும்? தோடம்பழம்னு சொல்லும்."

ஹாஷிம் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் பழனியாண்டி பேசினான்.

"இத எடு."

"என்னாங்க, இது..."

"காலைல அஞ்சே முக்காலுக்கு அந்த பனியில நான் வண்டி ஓட்றேன். சாம்பல் தெரியாது. கறுப்பு தெரியவே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "நான் தச்சு குடுத்தது கறுப்பு. மஹியங்கன பஸ் அந்த வளைவுல வாறது ஒனக்குத் தெரியுமில்ல. இது தெரியும். தோடம்பழம்னா சொல்லிட்டுப் போகட்டும்."

அனீஸா உடுப்பை மடித்துக்கொண்டே கேட்டாள்: "சாரிய என்ன செய்யப் போறீங்க?"

"உள்ள சுருட்டி..."

"வாணாம். நானும் ஸ்கூட்டி ஓட்ற. அபாயாவ சுருட்டி ஓவரோலுக்குள்ள போட்டு ஒரு நாள் கால்ல சங்கிலி மாதிரி சுத்திக்கிட்டு ரோட்டுல விழுந்து கெடந்த. உள்ளுக்கு கால்சட்ட போடுங்க. சாரி ஜாக்கெட்டும் போட்டுக்குங்க. சாரிய பேக்ல வைங்க. ஸ்கூல்ல போய் உடுத்துங்க."

"அதுக்கு டைம் வேணுமே."

"அப்ப சுருக்கா உடுத்தப் பழகுங்க."

பழகினாள். அது சிரிக்கிற விஷயமில்லை. இராஜேஸ்வரியிடம் விஞ்ஞான கூடத்துச் சாமான் அறைச் சாவி இருந்தது. போத்தல்களுக்கும் ஒரு பழைய எலும்புக்கூட்டுப் படத்துக்கும் நடுவில் இரண்டு முழம் இடம். முதல் நாள் பதினாலு நிமிடம். கொசுவத்தை முந்தின இரவே மடித்து ஊசி குத்தி வைத்துக்கொண்டால் ஒன்பது. கண்ணாடி பார்க்காமல் இருந்தால் ஆறு. அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. பாதி வழியில் ஒருமுறைகூட ஓரம் கட்டவில்லை: பனியில் எல்லா ஸிப்பும் மேலே, திகனவில் ஓடுகிறபோதே கக்கத்து வாய்களை ஒரு கையால் திறந்துவிடுவாள், பாலத்தில் மூடுவாள். பிள்ளைகள் தோடம்பழ டீச்சர் என்றார்கள். ரெக்ஸினின் கால்கள் இரண்டையும் பழனியாண்டி வெட்டி ஆட்டோவின் பின் சீட்டுக்கு உறை போட்டான். நவம்பர் முதல் மூன்று கிழமை கோட்டுக்கு மேலேயே கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, மெதமஹநுவரவுக்குக் கிட்டே மண் சரிந்தது.

பெரிய சரிவில்லை. பாதி ரோட்டில் சேறும் ஒரு சவுக்கு மரமும். பஸ்களும் லொறிகளும் வரிசையில் நின்றன. ரோட்டுக்காரர்கள் பைக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக விட்டார்கள். அவள் முறை வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. மழையில் அசையாமல் உட்கார்ந்து மடியில் குளம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அதனால் என்ன? நேரத்துக்கு ஒரு உடுப்பும் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் சண்முகநாதன், "இந்தக் கிழமை உங்கட சிபாரிசு எழுதவேணும் டீச்சர்" என்று சொல்லியிருந்தார். மிரட்டவில்லை. தகவலாகச் சொன்னார்.

பாடசாலைக் கேட்டைக் கடந்தபோது மணி ஏழு இருபத்தெட்டு.

விஞ்ஞான கூடம் இடது பக்கம். ஒஃபிஸ் வலது பக்கம். சேலைக்கு ஆறு நிமிடம். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சேலை இல்லாமல் எந்த ஆசிரியையும் அந்த ஒஃபிஸுக்குள் நுழைந்ததில்லை. அவளே ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பயிற்சி ஆசிரியை ஒருத்தி ஸ்கர்ட்டில் வந்து திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்திருக்கிறாள்.

வலது பக்கம் திரும்பினாள்.

வாசலில் பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர் இரண்டுபேர். அவளைக் கண்டு தீயணைப்புக்காரரோ என்று எழுந்து வழிவிட்டார்கள். சண்முகநாதன் மேசையில், ஒரு கையில் அடிமட்டம், மற்றதில் சிவப்புப் பேனை. தலையை நிமிர்த்தினார்.

"என்ன டீச்சர் இது?"

"சார், குட் மோனிங். கையெழுத்துப் போடணும்."

"இப்பிடியோ? சாரி எங்கை?"

"பேக்குல சார். போட்டுட்டுப் போய்க் கட்டுறேன்."

"பெற்றோர் இருக்கினம். பிள்ளையள் பாக்குதுகள். இது பாடசாலையெல்லோ, கராஜ் இல்லையே?"

அவள் கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். செம்மஞ்சள் உடுப்பிலிருந்து தண்ணீர் சீமெந்துத் தரையில் சொட்டியது.

"சார், மண்ணு சரிஞ்சு ரோட்டுல இருபத்தஞ்சு நிமிஷம் நின்னேன். அப்பவும் இப்ப மணி ஏழு இருபத்தொம்பது. ஒங்க கடிகாரத்துலயே பாருங்க. இந்தப் புத்தகத்துல பேரு இருக்கு, நேரம் இருக்கு, கையெழுத்து இருக்கு. என்னா உடுத்தியிருக்கோம்னு எழுத ஒரு கட்டம் இருக்கா சார்?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார், கட்டம் தேடுகிறவர் போல. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் ரூம் எடுக்க மாட்டேன் சார். மூணு வருஷம் எடுத்துப் பாத்துட்டேன். நீங்க என் பேருக்கு மேல கோடு போட்டாலும் சரி, பொகவந்தலாவைக்கு அனுப்பினாலும் சரி. ஆனா இன்னைக்கு நான் பிந்தல."

வெளியே மணி அடிக்கிற ஆள் தண்டவாளத் துண்டுக்கு முன்னால் போய் நிற்பது சன்னலில் தெரிந்தது. சண்முகநாதன் அடிமட்டத்தைப் புத்தகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒரு நிமிடத்தில் பாதி என்பது நீண்ட நேரம். அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

கையெழுத்துப் போட்டாள். ஈர விரலால் மை கொஞ்சம் கலங்கியது. மணி அடித்தது. அவர் புத்தகத்தைத் திருப்பி, அவள் பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துக் கோட்டை இழுத்தார்.

"உள்ளுக்கு நனையேல்லையோ?" என்றார், பேனையை மூடிக்கொண்டே.

"இல்ல சார்."

"ம். போய் வடிவா உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போங்கோ. எட்டு பி கத்துதுகள்."

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு பியோன் ஒரு பழுப்புக் கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். சந்திரிகா ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பிரித்தாள். சிபாரிசின் பிரதி. நாலு வரி. பாராட்டு ஒன்றும் இல்லை. மேற்படி ஆசிரியையின் சேவை இப்பாடசாலைக்குத் தேவைப்படுகிறது என்று இருந்தது. மூன்று முறை வாசித்தாள். பிறகு புருஷனுக்குப் போன் எடுத்தாள்.

"என்னா எழுதியிருக்காரு?" என்றான் பழனியாண்டி. பின்னால் ஆட்டோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கேயே இருக்கலாமாம்."

எஞ்சின் நின்றது.

"சரி" என்றான். "மெதுவா வா. நான் போய் சோத்த வைக்கிறேன்."